வயசானால் யோசனை ஏன் தாமதமாகிறது?



"அம்மாயிக்கு மூளை மழுங்கிப் போச்சு. ஒரு கேள்வி கேட்டா பதில் வர்றதுக்குள்ள விடிஞ்சிரும்." இந்த மாதிரிப் பேச்சை நம்ம லயங்களில் எத்தனையோ தடவை கேட்டிருப்போம். விளையாட்டாக நாமும் சொல்லியிருப்போம். ஆனால் இந்தப் பேச்சினால் ஒருவருக்குப் பெரிய நட்டமும் வரலாம். அதை நான் என் மேசையிலேயே கண்டேன்.

சில வருடங்களுக்கு முன்னர், ஓய்வுபெற்ற ஓர் அம்மா மகனோடு என்னிடம் வந்தார். ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். வெளியில் இன்னும் பதினைந்து பேர் காத்து நின்றார்கள். நான் அவசரத்தில், "எந்த வருஷம் பேர் பதிஞ்சீங்க? எந்த டிவிஷன்? வேற தோட்டத்துல வேலை செஞ்சிருக்கீங்களா?" என்று மூன்று கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் நின்ற மகன், "அம்மாவுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க, நீங்க எழுதுங்க" என்றார். நானும் வேறு தோட்டத்தில் வேலை செய்யவில்லை என்று எழுதிவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த அம்மா தனியாக வந்து வாசலில் நின்றார். "ஐயா, நேத்து நீங்க கேட்டது ராத்திரி படுத்த பிறகுதான் வெளங்குச்சு. கல்யாணத்துக்கு முந்தி எங்க அப்பா இருந்த தோட்டத்துல நாலு வருஷம் பேர் போட்டிருக்காங்க" என்று சொல்லி, துணியில் சுற்றி வைத்திருந்த பழைய அட்டையை எடுத்து நீட்டினார். அந்த நாலு வருடப் பணம் வேறொரு இலக்கத்தில் கிடந்தது. என் பேனா அதை இல்லாமல் ஆக்கப் பார்த்தது.

அந்த அம்மாவின் மூளை மழுங்கவில்லை. பதில் உள்ளே பத்திரமாக இருந்தது. வெளியே வர நேரம் தேவைப்பட்டது. நான்தான் அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. வயசு போகப் போக யோசனை ஏன் மெதுவாகிறது? உள்ளே என்ன நடக்கிறது? இதற்கு விடை தேடும் விஞ்ஞானிகள் கணனிக்குள் ஒரு செயற்கை மூளை மாதிரியைச் செய்து, அதை வேண்டுமென்றே "வயசாக்கி"ப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதை நமக்கு விளங்கும் மாதிரி சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நரம்பு வலை என்றால் என்ன?

நம்ம மூளைக்குள் சுமார் 8,600 கோடி நரம்புக் கலங்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு கலம் தனியாக யோசிப்பதில்லை. மற்றக் கலங்களிலிருந்து வரும் சிறு சிறு சமிக்ஞைகளைக் கூட்டிப் பார்க்கிறது. கூட்டுத்தொகை ஓர் அளவைத் தாண்டினால், தானும் அடுத்த கலங்களுக்கு ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. இப்படிக் கோடிக்கணக்கான கலங்கள் கைமாற்றிக் கைமாற்றிச் செய்வதைத்தான் நாம் யோசனை என்கிறோம்.

இந்த வேலையைக் கணக்காக எழுதலாம் என்று 1943இல் அமெரிக்காவில் வாரன் மெக்கலக் என்ற நரம்பியல் விஞ்ஞானியும், வோல்ட்டர் பிட்ஸ் என்ற இருபது வயது இளைஞரும் காட்டினார்கள். 1958இல் பிராங்க் ரோசன்பிளாட் என்பவர், தானே பழகிக்கொள்ளும் வலை ஒன்றை அமைக்கும் வழியைச் சொன்னார். இதுதான் செயற்கை நரம்பு வலை. இன்று கைபேசி நம்ம குரலை அடையாளம் காண்பதும் இப்படியான வலைகளால்தான். இந்தத் துறையில் அடிப்படை போட்ட ஜோன் ஹொப்ஃபீல்ட், ஜெஃப்ரி ஹின்டன் ஆகிய இருவருக்கும் 2024இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

வலை எப்படிப் பழகுகிறது? நம்ம மலையில் இருக்கும் குறுக்குப் பாதைகளை நினைத்துப் பாருங்கள். தினமும் ஆள் நடந்தால் பாதை தெளிவாக விழுகிறது. யாரும் நடக்காவிட்டால் மானாப் புல் மூடிவிடுகிறது. நரம்பு வலையிலும் அப்படித்தான். சரியான விடைக்குக் கொண்டுபோகும் தொடுப்புகள் பழகப் பழகப் பலப்படுகின்றன. தேவையில்லாதவை பலவீனமாகின்றன.

உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையில் இந்த நரம்பை அறுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை, அது பாவமும்கூட. கணனியில் இருக்கும் வலைக்கு வலி இல்லை. அதில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு விசயத்தை மாற்றிப் பார்க்கலாம். மாற்றிய பிறகு அந்த வலை வயசானவர் மாதிரியே தாமதித்தால், மூளையிலும் இப்படி நடக்கலாம் என்று ஒரு தடயம் கிடைக்கிறது.

ஒன்றரை மடங்குக் கணக்கு

மனிதர் எவ்வளவு வேகமாக யோசிக்கிறார் என்று அளப்பது பழைய வேலைதான். நரம்புச் செய்தி ஒரு நொடியில் எவ்வளவு தூரம் போகிறது என்று ஜேர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளையின் நரம்பில் அளந்தார். 1884இல் லண்டனில் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் பிரான்சிஸ் கால்ட்டன் ஒரு கூடம் போட்டு, ஆளுக்கு மூன்று பென்ஸ் வாங்கிக்கொண்டு, பார்வை, கேள்வி, கைப்பலம், செயல் வேகம் எல்லாம் அளந்தார். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள்.

பிறகு வந்த ஆய்வுகளில் ஒரு ஆச்சரியம் தெரிந்தது. 1965இல் பிரின்லி என்ற ஆய்வாளர், இளையவர்கள் எடுத்த நேரத்தையும் முதியவர்கள் எடுத்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு கீறினார். எழுத்துச் சோதனையோ, கணக்கோ, எந்த வேலையாக இருந்தாலும் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விழுந்தன. பின்னால் மற்றவர்கள் செய்த பல ஆய்வுகளில், அறுபது எழுபது வயசுக்காரர்கள் இளையவரைப் போல சுமார் ஒன்றரை மடங்கு நேரம் எடுத்தார்கள். சில வேலைகளில் அதைவிடவும் கூட.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? மூளையின் ஒரு மூலை மட்டும் பழுதானால் ஒரு சில வேலைகள் மட்டும்தான் தாமதிக்க வேண்டும். எல்லா வேலையும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் தாமதிக்கிறது என்றால், வலை முழுவதிலும் ஏதோ பொதுவான மாற்றம் நடக்கிறது. அந்த மாற்றம் என்ன என்பதற்குத்தான் பல மாதிரிகள் வந்தன. அவற்றில் நாலை மட்டும் பார்ப்போம்.

முதலாவது மாதிரி: உடைந்த பாதை

1990இல் ஜோன் செரெல்லா என்ற அமெரிக்க ஆய்வாளர் எளிமையான ஒரு மாதிரியைச் சொன்னார். செய்தி ஒரு முனையில் புறப்பட்டு மறு முனைக்குப் போகிறது. இடையில் பல தொடுப்புகள். வயசாக ஆக அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடுப்புகள் அறுந்துபோகின்றன. அறுந்த இடத்தில் செய்தி நின்றுவிடுவதில்லை. பக்கத்துப் பாதையால் சுற்றிக்கொண்டு போகிறது.

பெரிய மழைக்கு மண் சரிந்து குறுக்குப் பாதை அடைபட்டால் நாம் என்ன செய்கிறோம்? வேலைக்குப் போகாமல் இருக்கிறோமா? மேல் ரோட்டால் சுற்றிப் போகிறோம். போய்ச் சேருகிறோம், ஆனால் தாமதம்.

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். ஒரு செய்தி பத்து எட்டு வைத்துப் போய்ச் சேரும் என்று வையுங்கள். வழியில் ஒரு இடம் அறுந்தால் ஒரு எட்டு கூடுதலாகச் சுற்ற வேண்டும், பதினொன்று ஆகிறது. ஐந்து இடம் அறுந்தால் பதினைந்து எட்டு. அதாவது ஒன்றரை மடங்கு. இன்னும் வயசாகும்போது சுற்றுப்பாதைகளும் அறுபடுவதால், சுற்றுக்குள் சுற்று வருகிறது. கடைசி வருடங்களில் தாமதம் வேகமாகக் கூடுவதற்கு இந்த மாதிரி இப்படிக் காரணம் சொல்கிறது.

பதினைந்து எட்டுக்குப் பிறகும் செய்தி போய்ச் சேருகிறது என்பதை மறக்க வேண்டாம். பாதி வழியில் நாம் குறுக்கே விழுந்து அடுத்த கேள்வியைக் கேட்டால், அந்தச் செய்தி மறுபடியும் முதலிலிருந்து புறப்பட வேண்டி வரும்.

இரண்டாவது மாதிரி: இறுகிப்போன தராசு

ஜேர்மனியின் பெர்லின் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் வேலை செய்த ஷூ-சென் லீ, உல்மன் லிண்டன்பெர்கர் ஆகியோர் வேறொரு காரணத்தைப் பார்த்தார்கள். 2001இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பேர்பெற்றது. மூளையில் டோபமீன் என்ற ஒரு பொருள் இருக்கிறது. வாலிப வயசு கடந்த பிறகு அதன் வேலை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு போகிறது. இதைக் கணனி வலையில் எப்படிக் காட்டுவது?

கொழுந்து நிறுக்கும் தராசை நினையுங்கள். தராசு நல்லதாக இருந்தால் நாலு கிலோவுக்கும் ஐந்து கிலோவுக்கும் முள் வேறு வேறு இடத்தில் தெளிவாக நிற்கும். சுருள்கம்பி துருப்பிடித்து இறுகிவிட்டால், நாலு கிலோவுக்கும் ஐந்து கிலோவுக்கும் முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும். அதோடு காற்றடித்துப் பை ஆடினால், எது கூட, எது குறைவு என்று சொல்ல முடியாது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

லீயும் கூட்டாளிகளும் செய்தது இதுதான். வலையில் இருக்கும் ஒவ்வொரு "கல"த்தின் முள்ளையும் சற்று இறுக்கி வைத்தார்கள். வேறொன்றையும் தொடவில்லை. அப்படி இறுக்கிய வலை புதிய விசயங்களைப் பழக அதிக நேரம் எடுத்தது. ஒரு தடவை சரியாகவும் இன்னொரு தடவை பிழையாகவும் விடை சொன்னது. ஒன்றைப் பழகும்போது இன்னொன்று வந்து குழப்பியது. இவை எல்லாம் வயசானவர்களிடம் நாம் காண்பவைதான். "நேத்து நல்லா இருந்தாங்க, இன்னைக்குத் தடுமாறுறாங்க" என்று நாம் சொல்வதற்கு இந்த மாதிரி ஒரு விளக்கம் தருகிறது.

இதிலிருந்து ஒரு பாடம் எடுக்கலாம். முள் இறுகினால் பையை ஆடாமல் பிடித்து நிறுக்க வேண்டும். அதாவது தகரக் கூரையில் மழை கொட்டும்போது, ரேடியோவும் டிவியும் கத்தும்போது, நாலு பேர் சேர்ந்து பேசும்போது வயசானவரிடம் முக்கியமான கேள்வியைக் கேட்கக் கூடாது.

மூன்றாவது மாதிரி: தடித்த செக்ரோல்

2014இல் ஜேர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கல் ராம்ஸ்காரும் கூட்டாளிகளும் எல்லோரையும் திகைக்க வைக்கும் ஒரு விசயத்தைச் சொன்னார்கள். அவர்கள் தங்கள் கணனி மாதிரியில் எதையும் உடைக்கவில்லை, எதையும் இறுக்கவில்லை. மனிதர் வாசிப்பது போல நாளுக்கு இவ்வளவு என்று வாசிக்க மட்டும் கொடுத்தார்கள். கொஞ்சம் வாசித்த நிலையில் சோதித்தபோது அது இளையவரைப் போல நடந்துகொண்டது. பல பத்தாண்டுகளுக்குச் சமமான அளவு வாசித்த பிறகு சோதித்தபோது வயசானவரைப் போல நடந்துகொண்டது. பழுது ஒன்றும் இல்லை. தெரிந்தது கூடிவிட்டது, அதனால் தேடும் நேரமும் கூடியது.

புதிதாக வந்த கணக்கப்பிள்ளையிடம் ஐம்பது பேர் உள்ள செக்ரோல் இருக்கிறது. பேரைச் சொன்னதும் எடுத்துவிடுவார். நாற்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற கங்காணியின் தலைக்குள் நாலு தலைமுறைச் செக்ரோல் இருக்கிறது. "ராமாயி" என்று சொன்னால் அவருக்கு எட்டு ராமாயி நினைவுக்கு வருவார்கள். மேல்கணக்கு ராமாயியா, கீழ்லயத்து ராமாயியா, செத்துப்போன ராமாயியா என்று பிரித்தெடுக்க நேரம் பிடிக்கும். இதை மறதி என்று சொல்வது நியாயமா?

பேர்களைப் பற்றி ராம்ஸ்கார் இன்னொன்றும் சொன்னார். காலம் போகப் போக மக்கள் வைக்கும் பேர்களின் வகை கூடிக்கொண்டே வருகிறது. அதனால் பேர் ஞாபகம் வைப்பதே முன்னையை விடக் கஷ்டமான வேலையாகிவிட்டது. நம்ம வீடுகளிலும் பாருங்கள். முந்தி தாத்தா பேரைப் பேரனுக்கு வைத்தோம். இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் யாரும் கேள்விப்படாத புதுப் பேர். பாட்டி பேத்தியின் பேரை மாற்றிச் சொன்னால் சிரிக்கிறோம்.

இந்தக் கருத்தை எல்லா விஞ்ஞானிகளும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வயசாகும்போது மூளையிலேயே உண்மையான மாற்றங்கள் நடக்கின்றன என்பதற்கு வேறு சான்றுகள் இருக்கின்றன. ஆனாலும் தாமதம் என்றால் தேய்மானம் மட்டும்தான் என்று நினைத்த காலத்துக்கு ராம்ஸ்காரின் வேலை ஒரு நல்ல கேள்வியைப் போட்டது.

நான்காவது மாதிரி: பீலியும் வாளியும்

2022இல் ஜேர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மிகப் பெரிய ஆய்வொன்றை வெளியிட்டார்கள். சுமார் 12 லட்சம் பேர் கணனித் திரையில் வரும் சொற்களையும் படங்களையும் பார்த்து இரண்டு பொத்தானில் ஒன்றை அமுக்கிய விபரங்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 10 வயசிலிருந்து 80 வயசு வரை ஆட்கள் அதில் இருந்தார்கள்.

ஒரு முடிவெடுப்பதை இப்படி நினையுங்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கிறோம். வாளி நிறைந்ததும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். தண்ணீர் வந்து சேர எவ்வளவு நேரம் என்பது மூன்று விசயத்தைப் பொறுத்தது. பீலியில் தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுகிறது, வாளி எவ்வளவு பெரிது, பீலியிலிருந்து வீடு எவ்வளவு தூரம். யோசனையிலும் இந்த மூன்றும் உண்டு. தண்ணீர் விழும் வேகம் என்பது மூளை விசயங்களைச் சேர்க்கும் வேகம். வாளியின் அளவு என்பது நிதானம், அதாவது எவ்வளவு நிச்சயமான பிறகு பதில் சொல்வது என்ற தீர்மானம். வழித் தூரம் என்பது கண் பார்ப்பதற்கும் கை அசைவதற்கும் ஆகும் நேரம்.

வெறும் மொத்த நேரத்தைப் பார்த்தால் இந்த மூன்றில் எது தாமதம் என்று தெரியாது. 12 லட்சம் பேருக்கும் ஒவ்வொருவராகப் பிரித்துக் கணக்குப் பார்ப்பது பழைய முறையில் மிக நீண்ட வேலை. ஆகவே செயற்கை நரம்பு வலை ஒன்றை முதலில் பழக்கி, அதைக்கொண்டு ஒவ்வொருவரின் மூன்று அளவையும் பிரித்தெடுத்தார்கள்.

என்ன தெரிந்தது? பதில் சொல்லும் மொத்த நேரம் இருபது வயசுக்குப் பிறகே கூடத் தொடங்குகிறது. ஆனால் அதற்குக் காரணம் பீலி வற்றியது அல்ல. இருபதிலிருந்தே வாளி பெரிதாகிக்கொண்டு போகிறது. கை கண் வேலையும் மெதுவாகிறது. மூளையின் சொந்த வேகம் முப்பது வயசளவில் உச்சத்துக்கு வந்து, அறுபது வயசு வரைக்கும் பெரிதாகக் குறையவில்லை. அறுபதுக்குப் பிறகுதான் அது தெளிவாகக் குறையத் தொடங்குகிறது.

ஐம்பது வயசுக்காரர் ஒருவர் படிவத்தில் கையெழுத்துப் போட யோசித்தால், அதற்குப் பேர் மந்தம் இல்லை. பெரிய வாளி வைத்துத் தண்ணீர் பிடிக்கிறார். பல தடவை ஏமாந்த அனுபவம் அவரை அப்படிப் பழக்கியிருக்கிறது. சின்ன வாளியோடு ஓடி வருகிற இளவட்டம் வழியில் பாதியைச் சிந்துவதும் உண்டு.

மாதிரி வேறு, மூளை வேறு

இந்த நாலு மாதிரியும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. ஒருவரிடம் நாலும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கலாம். பாதை சில உடைந்திருக்கலாம், முள் சற்று இறுகியிருக்கலாம், செக்ரோல் தடித்திருக்கலாம், வாளியும் பெரிதாகியிருக்கலாம். வெளியில் நமக்குத் தெரிவது ஒரே ஒரு விசயம்தான்: பதில் தாமதம்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். கணனி வலை என்பது மூளை இல்லை. மண்ணில் செய்த மாதிரி வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது. ஆனால் சுவர் எங்கே வெடிக்கும் என்று அதில் பார்க்கலாம். அது போலத்தான் இதுவும். ஹைடெல்பெர்க் ஆய்வில் வந்தவர்கள் இணையம் வழியாகக் கணனியில் பதில் சொன்னவர்கள். மழையிலும் குளிரிலும் கூடை சுமந்த உடம்புக்கு அந்த வயசுக் கணக்கை அப்படியே ஒட்டவைக்கக் கூடாது.

எது வயசு, எது நோய்?

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பிழையாகிவிடும். எல்லாத் தாமதத்தையும் வயசு என்று விட்டுவிடக் கூடாது.

நேரம் கொடுத்தால் பதில் வருகிறது, ஒரு சின்னத் துப்புக் கொடுத்தால் ஞாபகம் வருகிறது, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்றால் பெரும்பாலும் அது வயசுத் தாமதம். ஆனால் நாற்பது வருடம் நடந்த பாதையில் வழி தெரியாமல் நிற்கிறார், அடுப்பு எப்படிப் பற்றவைப்பது என்று தெரியவில்லை, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், குணமே மாறிவிட்டது என்றால் அது மறதி நோயாக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். சில நேரம் சரியான மருந்தால் திருத்தக்கூடிய வேறு காரணமும் இருக்கும்.

நேற்று வரைக்கும் நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பினால், அது வயசு இல்லவே இல்லை. காய்ச்சல், சிறுநீர்க் கிருமித் தொற்று, சீனி இறங்கியது, மருந்து மாறியது என்று ஏதாவது இருக்கும். வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் பாரிசவாதமாக இருக்கலாம். மந்திரிக்கவும் கயிறு கட்டவும் நேரம் கடத்தாமல் உடனே 1990 சுவசெரிய இலவச அம்புலன்சை அழையுங்கள்.

மறதி நோய் பற்றி 2024இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையின் நிபுணர் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை அதில் சொல்லியிருக்கிறார்கள். அவை எல்லாவற்றையும் சரிசெய்தால் இந்த நோயில் 45 வீதமளவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், அளவுக்கு மிஞ்சிய மது, காது கேளாமை, திருத்தாத பார்வைக் குறைவு, தனிமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. காதும் கண்ணும் மங்கினால் தராசுக்கு வரும் பையே தெளிவில்லாமல் வருகிறது. பிறகு முள்ளைக் குறை சொல்லி என்ன பயன்? கண்ணில் புரை இருந்தால் கிளினிக்கில் காட்டுங்கள். "வயசாச்சு, இனி எதுக்குக் கண்ணாடி" என்று விடாதீர்கள்.

நாம் செய்யக்கூடியவை

1. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்துக்குள் பேசாதீர்கள்.

2. அவர் சொல்லத் தொடங்கிய வசனத்தை நீங்கள் முடிக்காதீர்கள். நீங்கள் முடித்தால் அது உங்கள் பதில், அவர் பதில் இல்லை.

3. வங்கிக்கோ அலுவலகத்துக்கோ போகும் படிவத்தை முதல் நாள் மாலையே வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். ஒரு இரவு போகட்டும். கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ மறுநாள் வைக்கலாம். "இப்பவே வைங்க, பிறகு பார்க்கலாம்" என்று யாராவது அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

4. புதிதாக ஒன்றைச் சொல்லிக் கொடுக்கும்போது தெரிந்த ஒன்றோடு சேர்த்துச் சொல்லுங்கள். கைபேசியில் மகளின் இலக்கத்தைப் பழக்குவதானால், மகளின் படத்தைப் போட்டு அதை அமுக்கப் பழக்குங்கள். சம்பந்தமில்லாத இரண்டை இணைத்து ஞாபகம் வைப்பதுதான் முதியவர்களுக்கு மிகக் கஷ்டம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

5. இரைச்சலைக் குறையுங்கள். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

6. பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சு, கோயில் திருவிழாக் கணக்கு, பிள்ளையின் படிப்பு எதுவானாலும் "அப்பாயி, நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆள் நடக்காத பாதையைத்தான் மானாப் புல் மூடும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பாட்டி பதில் சொல்லத் தாமதித்தால் சிரிக்காதீர்கள். நீங்கள் பத்து எட்டில் போகிற இடத்துக்கு அவர் பதினைந்து எட்டு வைத்து வருகிறார். வழியில் அவர் சுமந்து வருவது உங்களுக்குத் தெரியாத நாலு தலைமுறைக் கதை.

நானும் என் வேலை முறையை மாற்றிக்கொண்டேன். ஓய்வுபெற்றவர்களின் படிவத்தை வந்த அன்றே முடிப்பதில்லை. கேள்விகளை முதல் நாள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வாசித்தும் காட்டி, "வீட்டுக்குப் போய் யோசிச்சு நாளைக்கு வாங்க" என்று அனுப்புகிறேன். வேலை ஒரு நாள் பிந்துகிறது. ஆனால் மறுநாள் வருகிறவர்கள் பழைய அட்டை, பழைய சம்பளத் துண்டு, மறந்துபோன ஒரு பேர் என்று ஏதாவது ஒன்றைக் கையோடு கொண்டுவருகிறார்கள்.

அந்த அம்மாவுக்கு அந்த நாலு வருடப் பணமும் பிறகு கிடைத்தது. பணத்தை எடுத்துக்கொண்டு வரும் வழியில் என்னிடம் வந்து, "ஐயா, அன்னைக்கு நீங்க கோவிச்சுக்குவீங்களோன்னு பயந்துதான் வந்தேன்" என்றார். ஞாபகம் வந்த பிறகும் சொல்லப் பயந்திருக்கிறார். நம்ம வீட்டுப் பெரியவர்கள் யாரும் அப்படிப் பயப்படக் கூடாது.